உன் அளவில் தைத்த சட்டைகள்

இன்று காலை ஆவடிக் கடையில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. கடையின் உயர்மட்டக் குழு, அதாவது நானும் கட்டிங் மாஸ்டர் மஸ்தான் பாயும், டீ ஆறிப்போகும் வரை விவாதித்து, கம்ப்யூட்டரின் உறையைத் துவைத்துவிடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். எதிர்ப்புக் குரல் எழவில்லை. நீ இருந்திருந்தால் எழுந்திருக்கும்.

அந்த உறை மீந்துபோன காக்கித் துணியில் பாய் தைத்தது. நீ கேட்டுக்கொண்டதற்காகத் தோளில் இரண்டு பட்டைகளும் முன்னால் ஒரு பையும் வைத்தார். ஊருக்கெல்லாம் சீருடை தைக்கிற கடையில் இது மட்டும் ஏன் அம்மணமாக இருக்க வேண்டும் என்றாய். இன்று அதைத் தூக்கி உதறியபோது, சூடான தூசியும் பழைய ஆயுத பூஜைச் சந்தனமும் கலந்த வாடை வந்தது. மதியங்களில் நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வருமே, அதே வாடை. உறைக்குள் இருந்த கம்ப்யூட்டர் இப்போது அம்பத்தூரில் ஒரு மெக்கானிக்கின் மேசையில் இருக்கிறது. அதனால் எனக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நாம் ஒரே பள்ளிக்கூடம். உன் அப்பா தொழிற்சாலையில் டாங்கிக்குப் போல்ட் முடுக்கினார். என் அப்பா உன் அப்பாவுக்குக் கால்சட்டை தைத்தார். நீ கம்ப்யூட்டர் படித்தாய், நான் கடைக்கு வந்தேன். கடையின் பெரிய சங்கடம் எதுவென்று உனக்குத் தெரியும். துணை ராணுவ முகாமில் இருப்பவர்கள் நம்மிடம் அளவு கொடுத்து ஒரு சட்டை தைத்துக்கொள்வார்கள். அது வெளுப்பதற்குள் மாற்றலாகி அஸ்ஸாமுக்கோ ராஜஸ்தானுக்கோ போய்விடுவார்கள். அங்கிருந்து போன் செய்து, "அதே அளவு, ரெண்டு செட் அனுப்புங்க" என்பார்கள். அந்த அளவு எந்தத் தாளில் இருக்கிறது என்று நானும் அப்பாவும் கடையைப் புரட்டிப் போடுவோம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீ அந்தப் புரோகிராமை எழுதினாய்.

அதே அளவு என்று சொல்லும் எந்த ஆணும் உண்மை பேசுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவனும் நீதான். உன் புரோகிராம் ஒவ்வொருவருடைய இடுப்பிலும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனது. யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நாட்டின் எல்லைகளில் நம் வாடிக்கையாளர்கள் பொத்தான் தெறிக்காமல் நின்றார்கள்.

அளவுச் சீட்டில் எண் மட்டும் வரும், பெயர் வராது. பெயரும் வரட்டுமே என்று பாய் கெஞ்சிப் பார்த்தார்.

"பேரப் போட்டா மூஞ்சி ஞாபகம் வரும் பாய். மூஞ்சி ஞாபகம் வந்தா கை அது இஷ்டத்துக்கு வெட்டும். ஆளப் பாக்காத, சீட்டப் பாரு" என்றாய்.

அதற்குப் பிறகு பாய் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பூந்தமல்லியிலிருந்து சொந்த மருமகன் பேன்ட் தைக்க வந்தபோது, "நம்பர் இன்னா?" என்று கேட்டார்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஜனவரியில் உன் புரோகிராம் புது வருடத்தை ஏற்க மறுத்தது. கடை இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று எழுதும்போது நீ எதிர்பார்க்கவில்லை போலும். நானும் எதிர்பார்க்கவில்லை. நீ வந்து பார்த்தாய்.

"இன்னா மாமே, மெஷின் நல்லாத்தான் கீது. வருசந்தான் தப்பா கீது" என்று சொல்லி, கம்ப்யூட்டரின் தேதியைப் பல வருடம் பின்னால் தள்ளினாய். புரோகிராம் உடனே சமாதானமாகிவிட்டது. "இப்போதிக்கு இப்டியே ஓட்டு. அடுத்த வாரம் உக்காந்து சரி பண்ணிடறேன்."

அன்றிலிருந்து நம் கடை பழைய வருடத்தில் நடந்தது. பில்லில் பழைய தேதி அச்சாகும். அதன் மேல் நான் ரப்பர் ஸ்டாம்பால் இன்றைய தேதியைக் குத்துவேன். புரோகிராமின் கணக்கில் வாடிக்கையாளர்களின் வயது குறைந்துவிட்டதால் எல்லாருடைய இடுப்பும் மறுபடி இளைத்தது. பாய் யாரென்று பார்க்காமல் எல்லாருக்கும் இரண்டு விரல் துணியை உள்ளே கூடுதலாக விட்டார். நீ அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஆஸ்பத்திரியிலும் மூக்கில் குழாயோடு, "ஊட்டுக்கு வந்ததும் மொத வேல அதான் மாமே" என்றாய். நான் அவசரமில்லை என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

நீ போன பிறகு, புது சாஃப்ட்வேர் விற்கும் பெண் ஒருவரை வேலப்பன்சாவடியிலிருந்து வரவழைத்தேன். விவரமானவர். கொஞ்ச நேரம் உன் புரோகிராமைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள இருக்கற அளவையெல்லாம் வெளிய எடுக்க வழி தெரியல சார். இத எழுதினவர ஒரு தடவ வரச் சொல்லுங்களேன்."

"அவர் வரமாட்டாரும்மா."

"பரவால்ல சார், நம்பர் குடுங்க. நானே பேசிக்கறேன்."

உன் நம்பரைக் கொடுத்தேன். அவர் கேட்டார், என்னிடம் இருந்தது. அவர் திரும்ப அழைக்கவில்லை.

ஒவ்வொரு அளவாகத் திரையில் வரவழைத்துக் கையால் எழுதிவிடலாம் என்று பாயும் நானும் இரண்டு முறை தொடங்கினோம். முதல் முறை தீபாவளி வந்தது. இரண்டாம் முறை பாய்க்குக் கண் ஆபரேஷன் வந்தது. பேரரசுகள் விழுந்த கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நேரம் இருந்திருக்கிறது.

தினமும் காலையில் அந்தப் பழைய தேதியைச் சரிபார்க்கும்போது, அந்த வருடத்தில் நீ உயிரோடு இருந்தாய் என்பது நினைவுக்கு வரும். வியாபாரக் காரணங்களுக்காகத்தான் சரிபார்த்தேன்.

போன மாதம் ராஜஸ்தான் எல்லையிலிருந்து தர்மபுரிக்கார ஹவில்தார் போன் செய்தார். இளைஞனாக ஆவடி முகாமுக்கு வந்தபோதே நம்மிடம் அளவு கொடுத்தவர்.

"அண்ணே, மாசக் கடைசியில ரிட்டயர்டு. கடைசிப் பரேடுக்குப் புதுசா ஒரு செட் வேணும். இருக்கறது எதுவும் பொத்தான் போட வரல. வீட்டுல அவளும் வரா, பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும்."

"அளவு?"

"அதே அளவுதாண்ணே."

அவர் சொன்ன எண்ணை மற்ற ஆர்டர்களோடு குறித்துவைத்துவிட்டு, மறுநாள் நெமிலிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அன்று கரண்ட் போய் வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் தேதியை ஞாபகம் வைத்திருக்க ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டாம். அது செத்துப்போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கண்விழித்தபோது தான் பிறந்த காலத்துக்கே போய்விட்டது. புரோகிராமின் கணக்கில் அந்த நாளில் கடைக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான்: எழுதிய புதிதில் சோதித்துப் பார்க்க நீ பதிந்துவைத்த நீ. பாய் எந்த எண்ணைத் தட்டினாலும் அது உன்னையே கொடுத்தது. பாய் வெட்டினார். தையல்காரர்கள் தைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டைகள் கம்பியில் தொங்கின. எல்லாம் நீளம், எல்லாம் ஒல்லி, எல்லாவற்றுக்கும் இடது தோள் சற்று இறக்கம். உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ வரிசையாக, காக்கியில், தலையில்லாமல், மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தாய்.

"எல்லாச் சீட்டுலயும் ஒரே அளவு வருதேன்னு தோணலயா பாய்?"

"தோணுச்சு தம்பி. ஆளப் பாக்காத, சீட்டப் பாருன்னுதான சொல்லிகினு இருந்தாரு. பாத்தேன்."

ஹவில்தாரின் பார்சல் அதற்குள் கூரியரில் போயிருந்தது. முதலில் பேட்டரியை மாற்றிவிட்டு, சரியான சீட்டு எடுத்து, மறுபடி தைத்து அனுப்பலாம் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "சார், இது எங்க தாத்தா காலத்து மாடல்" என்றார். பேட்டரியை மாற்றினார். புதுப் பேட்டரி நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அதைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்பத்தூர் போனார்.

கம்பியில் தொங்கிய சட்டைகளுக்கு உரியவர்கள் உள்ளூர்க்காரர்கள். திட்டிக்கொண்டே வந்து மறுபடி அளவு கொடுத்தார்கள். ஹவில்தார் சில நாள் கழித்துப் போன் செய்தார்.

"அண்ணே, சட்டை வந்துச்சு. இது யாருக்குண்ணே?"

"என் சிநேகிதனுக்கு."

"நல்ல உயரம் போலிருக்கு."

"ஆமாம்."

பரேடுக்கு இன்னும் நாள் இருந்தது. அளவு மட்டும் கிடைத்தால் தைத்து அனுப்பிவிடலாம். அங்கேயே யாரையாவது அளக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"இங்க மணலும் ஒட்டகமுந்தாண்ணே இருக்கு, இஞ்ச் டேப்புக்கு எங்க போறது? எனக்கு என் அளவு தெரியாதே. அது உங்ககிட்டதான இருக்கு." பிறகு பக்கத்தில் யாரையோ கூப்பிட்டார். இருவரும் எதையோ செய்தார்கள். "அண்ணே, வயித்துக்கு ஒரு சார்ஜர் ஒயர், மேல ஒரு சாண்."

நான் அப்படியே பாயிடம் சொன்னேன்.

"யாரு சாண்?" என்றார் பாய்.

அதைக் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பிறகு எத்தனை முறை முயன்றும் கிடைக்கவில்லை. பாயை உட்காரவைத்து, இத்தனை வருடம் தைத்திருக்கிறீர்கள், ஆளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள் என்றேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"நம்பர் ஞாபகம் வருது தம்பி" என்றார். "மூஞ்சி வரல."

மறுநாள் அம்பத்தூரிலிருந்து மெக்கானிக் பேசினார். உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது, அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். மறுபடி அவசரமில்லை என்ற சொல் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இந்த நாட்டின் எல்லைகளில் நிற்கும் எத்தனையோ பேருடைய கழுத்தும் மார்பும் இடுப்பும் நம் கடையில் இருந்தன. இப்போது எனக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். அத்தனை சீட்டில் படித்ததில் மனப்பாடமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது, வரிசையில் நிற்கும்போது, கழுத்திலிருந்து தொடங்கி கால்சட்டையின் கீழ்மடிப்பு வரை தானாக ஓடுகிறது. இடது தோளுக்கு வரும்போது கொஞ்சம் நிற்கிறது.

ஹவில்தார் நேற்று ஓய்வு பெற்றார். படம் அனுப்பியிருக்கிறார். மனைவி பட்டுப்புடவையில் இருக்கிறார். பின்வரிசையில் எல்லாரும் காக்கியில் நிற்கிறார்கள். அவர் கோடு போட்ட அரைக்கைச் சட்டையில் நிற்கிறார்.