சாரலில் தெரிந்த சுட்டி

காலையில் சாரல் இறங்கியது. எதிர்வீட்டு மாடு நனைந்தபடி என் வாசலை உரசிக்கொண்டு போனது. ஈர மாட்டுமயிரின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகும் மாட்டு வாடையோடுதான் வருவாயா என்று உன்னைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

நமக்கு நடுவில் இருந்தது ஒரு மண்சுவர். உன் வீட்டில் ஏர், என் வீட்டில் தறி. யுத்தம் வந்து நூல் கிடைக்காமல் தறி நின்றபோது எங்கள் அடுப்பை எரியவிட்டது ஒரு மயிலைப் பசுதான். காங்கேயத்துப் பக்கமிருந்து வந்த வியாபாரியிடம் வாங்கியது. சாம்பல் பூத்த வெள்ளை நிறம். அது ஈன்ற காளைக்கன்றோ செக்கச்செவேல் என்றிருந்தது; நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. அதே மாதம் உன் செவலைப் பசுவும் ஈன்றது. அதுவும் செவலைக் காளைக்கன்று, அதற்கும் சுட்டி. "ரெட்டப் புள்ளைய மாதிரி இருக்குட்டி" என்று சிரித்தாய். சிரித்தால் உன் புருவங்களுக்கு நடுவே குத்தியிருந்த பச்சைப்பொட்டு சுருங்கும்.

நான் தலைப்பிரசவத்துக்கு வீரகேரளம்புதூர் போயிருந்தபோது எங்கள் மயிலைப் பசுவைப் பாம்பு தீண்டிவிட்டது என்று சேதி வந்தது. தாயில்லாக் கன்றை நீ இலத்தூர் வயல் தொழுவத்துக்கு ஓட்டிப்போய், உன் செவலையிடமே ஊட்டவிட்டாய். உன் பிள்ளைகளுக்குப் பால் குறைந்திருக்கும். அதை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

கைப்பிள்ளையோடு நான் தென்காசி திரும்பியதும், மாமியார் கன்றைக் கேட்டாள். நீ இரண்டையும் ஓட்டி வந்தாய். ஒன்று செவலை, ஒன்று மயிலை. சுட்டி இருந்தது செவலைக்கு. மயிலைதான் எங்களுடையது என்றாய் நீ.

"எங்கனயோ கெடந்த வெள்ளக்கன்ன எங்க தலையில கட்டப் பாக்கா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் மாமியார்.

"நெறம் மாறிட்டு ஆச்சி. கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துட்டு."

"மாறுததுக்கு அது என்ன பச்சோந்தியாட்டி?"

தெரு சிரித்தது. தறிக்காரத் தெருவுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? நீ வாய்ச்சண்டைக்கு நிற்கவில்லை. "செவலையவே புடிச்சிட்டுப் போங்க. மாத்திட்டேன்னு மட்டும் சொல்லாதிய" என்றாய். உன் ஏருக்கென்று வளர்ந்துகொண்டிருந்தது அந்த ஒன்றுதான். நான் உன்னை நம்பினேன். கன்றைத்தான் நம்ப முடியவில்லை. நிறம் மாறினால் மாறட்டும், சுட்டி எங்கே போயிற்று? நீயும் அதன் நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தாய்.

மாமியார் செவலையின் கயிற்றைப் பிடிக்கவும் குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் அடிக்கவும் சரியாக இருந்தது. மயிலை நனைந்தது. மயிர் படிந்து உடம்பெல்லாம் கருந்தோல் தெரிந்தது. நெற்றியில் மட்டும், பழைய சுட்டியின் அளவுக்கு, குழந்தையின் உள்ளங்கை மாதிரி வெளிர்சிவப்புத் தோல். சுட்டி எங்கும் போகவில்லை. சுற்றியிருந்த செவலைதான் வெளுத்து அதோடு கலந்துவிட்டிருந்தது. "அத்தை, இங்கன பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீரிட்டது.

அவள் கன்றின் நெற்றியை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், சுட்டி மங்கியது. ஈரக்கையால் தடவினாள், தெரிந்தது. செவலையின் கயிற்றை உன் கையில் கொடுத்து, "கன்னுக்குத் தவிடு வெச்சியாட்டி?" என்றாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். நீயும் "வெச்சேன் ஆச்சி" என்றாய், ஒன்றும் நடக்காதது போல. எனக்குத்தான் ஆத்திரம் ஆற நாளாயிற்று.

காங்கேயத்துக் கன்று செவலையாய்ப் பிறந்து, வளர வளர வெளுக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து மாட்டைக் கண்டால் நெற்றியைப் பார்க்காமல் போனதில்லை. பிறந்த கன்றின் நிறத்தை யாராவது அடித்துச் சொன்னால், "கொஞ்சம் பொறு" என்று உன் சார்பில் சண்டைக்குப் போகிறேன்.

நான் ஊர்விட்டுப் போய், உன்னைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. நீ போன சேதி கேட்டு ஓடி வந்தேன். நோயில் வற்றிய முகம், வெளுத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு. இது யாரோ ஒரு கிழவி, நீ இல்லை என்று மனம் சாதித்தது. அழுகை வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிறகு உன்னைக் குளிப்பாட்டினோம். நான் ஊற்றிய தண்ணீரில் திருநீறு கரைந்து, புருவங்களுக்கு நடுவே அந்தப் பச்சைப்பொட்டு தெரிந்தது.

அப்போதுதான்ட்டி அழுதேன்.