பாப்பாவின் கடற்கொள்ளைக்காரத் தொப்பி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அடுத்த மாத நாடகத்துக்குப் பாப்பா கேட்ட கடற்கொள்ளைக்காரத் தொப்பியைக் கறுப்பு ஃபோம் தாளில் நானே செய்தேன். விளிம்பை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் வளைத்தபோது விரலில் லேசாகச் சுட்டுவிட்டது, பயப்படாதே. அறையில் உடனிருக்கும் வெல்டர் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பாப்பாவுக்கா, பாப்பாவோட பொம்மைக்கா?" என்றான். நான் வெளிநாடு கிளம்பிய அன்று அவள் போட்டிருந்த குல்லாவின் அளவில் வெட்டியிருக்கிறேன். ஐந்து வருடம் ஓடியது கைக்குத் தெரியவில்லை.

காதுக்கு மேலே அவள் தலையைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நூலையே உறையில் வைத்து உடனே அனுப்பு. முடி ஒட்டியிருந்தால் எடுத்துவிடாதே.

கடையில் வாங்கித் தருவதாக உன் அண்ணன் வருவார். என் கல்யாணச் சட்டையை வாங்கித் தந்ததையே இன்னும் சொல்லிக் காட்டுகிறவர். வேண்டாம் என்று சொல். புதுத் தாள் வாங்கிவிட்டேன். மேடையில் அவள் தலையில் நான் செய்ததுதான் இருக்கும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா