காணாமல் போன துடுப்பு

அன்பரசி,

நேற்று நம் முதல் ரொட்டியைச் சுட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், நீ, உன் தம்பி சந்திரன். ரொட்டி மிஷினில் மாவு பிசையும் சின்னத் துடுப்பை இன்று காலையிலிருந்து காணவில்லை. நான் எடுக்கவில்லை. நீ எடுக்க மாட்டாய்.

"இன்னா மாமா, நைட் ஷிப்ட்ட வுட்டுட்டு வூட்ல ரொட்டி சுடுறியா? எங்கக்கா தலையெழுத்து" என்று சிரித்துக்கொண்டே மிஷினைத் திறந்து பார்த்தவன் அவன்தான்.

நாளை ஜமுனாமரத்தூர் டீக்கடைக்காரருக்கு ஒரு ரொட்டி காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நான் மறுபடி ஷூ கம்பெனிக்கு ராத்திரி வேலைக்குத்தான் போக வேண்டும். துடுப்பு இல்லாத மிஷின் வெறும் டப்பா.

சந்திரனிடம் போனில் நேராகவே கேட்டுவிட்டேன். "இரு மாமா, வந்து மாவுக்குப் பதிலா உன்னயே பெசையறேன்" என்றான். கலசப்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டானாம்.

நான் புது ஈஸ்ட் வாங்கப் போகிறேன். கோதுமை மாவு முக்கால் பங்கு, சாமை மாவு கால் பங்கு எடுத்து வை. சாமை கூடினால் ரொட்டி எழும்பாது. டம்ளரில் அளக்காதே, தராசில் நிறு.

பி.கு. பசிக்கு நேற்றைய ரொட்டியை அறுத்தேன். கத்தி நங்கென்று இடித்தது. துடுப்பு ரொட்டியின் அடியில் புதைந்து கிடந்தது. கழுவி மாட்டிவிட்டேன். மேலே எழுதியதை அடித்துத் திருத்த நேரமில்லை, பஸ் வந்துவிடும்.

அவனுக்கு அந்த ரொட்டியையும் ஓட்டையையும் காட்டு. மன்னிப்பை நானே சாயங்காலம் கேட்கிறேன். ஆனால் அது உள்ளே இருப்பது தெரிந்துதான் சிரித்தானோ என்னவோ.

நீ வீடு திரும்புவதற்கு முன்னால் அவன் வந்தால் வாசலிலேயே நிற்கட்டும். அவனும் மிஷினும் தனியாக இருக்க வேண்டாம். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.