மூன்றாவது பொத்தான்

என் வீட்டு நிதியமைச்சருக்கு,

உன் அக்கா வீட்டில் நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நீ விட்டுப்போன செடி புது இலை விட்டிருக்கிறது.

'பெட்டிக்கடை' என்று கிண்டல் செய்வாயே, அந்த இயந்திரம் தயாராகிவிட்டது. திரையைத் தொட்டு யாரும் தங்கள் வருமான வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்யலாம். திட்ட அறிக்கையில் 'பத்தே நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அதைப் படித்த வங்கி மேலாளர் நேற்று நேரிலேயே வந்துவிட்டார். "உங்க கணக்கையே போட்டுக் காட்டுங்க சார், கடனைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

பெயர், வேலை, சம்பளம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. அடுத்த கேள்வி, 'உங்கள் வாழ்க்கைத் துணை உங்களுடன் வசிக்கிறாரா?' ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். அந்தக் கேள்வியை எழுதியவனே நான்தான். நீ, "நான் பேசுறது உங்க காதுல விழுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எழுதியது.

விரல் நகரவே இல்லை. இருபது நிமிடம் ஓடிவிட்டது.

"என்ன சார், நீங்களே மாட்டிக்கிட்டீங்க?" என்று மேலாளர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இதைச் சரி பண்ணி வைங்க, வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று கிளம்பினார்.

இன்று காலை முதல் வேலையாக மூன்றாவது பொத்தான் ஒன்றைச் சேர்த்தேன். அதில் 'கேட்டுச் சொல்கிறேன்' என்று இருக்கிறது. அதைத்தான் அமுக்கியிருக்கிறேன்.

கேட்டுவிட்டேன். நீ சொல்.

உன் மரமண்டை