உனக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து, ஊரே தூங்கும்போது எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவை எடுத்தாலே கிறிஸ்டினா பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இப்போதுதான் தூங்கினாள். எபினேசருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். நீ நலமாக இருக்க வேண்டும், டெல்லிச் சாப்பாடு உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இந்த வரியை மறந்துவிடாதே.

நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் குழந்தைக்கு நெஞ்சுச் சளி விட்டபாடில்லை. சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால் மாடியில் காயும் துணியிலெல்லாம் கரிப்பொடி படிகிறது. துணியில் படிவது இவள் நெஞ்சில் படியாதா என்று டாக்டரிடம் கேட்டேன். இங்கே இருக்கிற குழந்தைகள் எல்லாம் வளரவில்லையா என்று திருப்பிக் கேட்டார். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் என்று எபினேசர் சிரிக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் இன்னும் அதிகமாகப் பார்க்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் உனக்கு எழுத ஆரம்பித்தால் எழுதி எழுதி அழித்துவிடுகிறேன். கடைசியில் உனக்கு வந்து சேர்வது ஒரு கட்டைவிரல் பொம்மை மட்டும்தான். காகிதத்தில் அடித்தாலும் அடித்தது தெரியும். இந்த முறை தெரியட்டும்.

போன வாரம் உன் அப்பாவை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் பார்த்தேன். அம்மாவைப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். துளசிராமன் ஐயா பெஞ்சில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து உன் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருநாய் தீர்ப்பை நீ விளக்கிய வீடியோ. பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்த யாரோ ஒரு அம்மாவுக்கும் போனைத் திருப்பிக் காட்டினார். என்னைப் பார்த்ததும், அடுத்த வருஷம் உனக்கு மூன்று வருஷ பிராக்டீஸ் முடிகிறது, ஜட்ஜ் பரீட்சை எழுதப் போகிறாய் என்று சொன்னார். அப்புறம், "நீ இன்னாம்மா பண்ற இப்போ?" என்றார். சும்மாதான் இருக்கிறேன் ஐயா என்றேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நாய் வீடியோவில் நீ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது, ஈஸ்வரி.

உனக்குத் தெரியாததை எழுதவில்லை. ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்குத் தெளிவாகும் என்று எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஹைகோர்ட்டில் வக்கீலாக என்ரோல் செய்தோம். ஒருத்தி கழுத்துப் பட்டையை இன்னொருத்தி சரிசெய்தோம். நீ பொன்னேரியில் பூவராகவன் சாரிடம் ஜூனியராகச் சேர்ந்தாய். நானும் அவரிடம்தான் சேர்ந்தேன். கல்யாணம், வாந்தி, படுக்கை என்று எனக்கு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கிறிஸ்டினா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் நீதான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் நீ பிராக்டீஸுக்கு டெல்லி போய், யூடியூப் சேனல் ஆரம்பித்து, சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளை நம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரித் தமிழில் எழுதித் தா என்று கேட்டபோது உடனே சரி என்றேன். என் பெயர் வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். பிள்ளையைக் கவனிக்காமல் போனை நோண்டுகிறாள் என்று மாமியார் சொல்வார் என்ற பயம். ஆறு மாதத்தில் நானே கோர்ட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்ற நினைப்பும் இருந்தது.

அந்த நாய்த் தீர்ப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லா நாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். எழுதி அனுப்பினேன். கொஞ்ச நாளிலேயே அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் தவிர மற்றதைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லிவிட்டார்கள். நீ வாய்ஸ் மெசேஜ் போட்டாய், "சோனி, விடியறதுக்குள்ள மாத்திக் குடுடி, காலைல ரெக்கார்டிங்." அன்றைக்குக் கிறிஸ்டினாவுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். ஒரு கையால் ஈரத்துணி, ஒரு கையால் போன். வெளியே எங்கள் தெரு நாய்கள், தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக வந்ததுபோல ஊளையிட்டுக்கொண்டிருந்தன. மறுநாள் வீடியோவில் உன் நகங்களைத்தான் பார்த்தேன். ஒரே அளவாக, சுத்தமாக. இரவில் தூங்கி எழுந்த ஒருத்தியின் முகம். உன் பின்னால் அலமாரி முழுக்கப் புத்தகம். என்ன பேசினாய் என்று நான் கேட்கவேயில்லை. அதுதான் எனக்குத் தெரியுமே.

கன்னியம்மா கதையையும் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டு அம்மா, கம்பெனி கேன்டீனில் வேலை. அவர் மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள், இரண்டாம் கல்யாணத்தில் இப்போது உண்டாகியிருக்கிறாள். மூன்றாவது பிள்ளை என்று சொல்லி ஆபீசில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். மகப்பேறு விடுப்பு பற்றி மே மாதம் வந்த தீர்ப்பை நீ பேசியதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். அதில் வருகிற நம் தமிழ்நாட்டு டீச்சருக்கும் இதே கதைதானே. நான் வாயைத் திறப்பதற்குள், "நீ அந்த டில்லி மேடத்துக்கு சிநேகிதியாமே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா" என்றார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எந்தத் தீர்ப்பைக் காட்டி எப்படி மனு கொடுக்க வேண்டும் என்று எழுதி உனக்கு அனுப்பினேன். நீ அவர் பெயரைச் சொல்லியே வீடியோவில் பதில் சொன்னாய். லீவு கிடைத்துவிட்டது. கன்னியம்மா பழவேற்காட்டிலிருந்து நல்ல இறால் கருவாடு வாங்கி வந்து, நீ ஊருக்கு வரும்போது கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் அதைக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டேன். நீ வந்து அவரைப் பார்த்தால், நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு. நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது எபினேசர்.

அவருக்கு உன் சேனல் என்றால் உயிர். கம்பெனி பஸ்ஸில் லோகுவும் எட்வர்டும் அவரும் ஒரே போனில் பார்க்கிறார்களாம். வந்து எனக்குப் பாடம் எடுக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்தாலும் விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்ததே, அதை எனக்கே விளக்கிவிட்டு, இனிமேல் பெண்டாட்டியிடம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்று போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து விளையாட்டுக் காட்டினார். சிரித்தேன். அந்தத் தீர்ப்பை எழுதிய வாரத்தில்தான், விடியறதுக்குள்ள குடுடி, சீக்கிரம் அனுப்புடி என்று நீ போட்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் தனியாகச் சேமித்து வைத்தேன். அது தம்பதிகளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னும் அழிக்கவில்லை.

ஒருநாள் கேட்டார், "நீயும் அந்த மேடம் கூடத்தான படிச்ச? அவங்களுக்கு மட்டும் எப்டி இப்டிச் சொல்ல வருது?" அதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பது என்று சொன்னால் நம்புவீர்களா என்றேன். குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "டில்லில ஆளா இல்ல, கும்மிடிப்பூண்டிலருந்து எழுதிக்கினு போறதுக்கு?" கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை.

ஜட்ஜ் பரீட்சைக்கு மூன்று வருஷ பிராக்டீஸ் கட்டாயம் என்ற தீர்ப்பை எழுதும்போது ஒரு பத்தி சேர்த்திருந்தேனே, நினைவிருக்கிறதா? சட்டம் படித்து, பதிவு செய்து, பிள்ளை பிறந்ததும் வீட்டோடு நின்றுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி. தோழிக்கு வருஷம் ஓடுகிறது, இவளுக்குக் கணக்கே தொடங்கவில்லை என்று. நீ வெட்டிவிடுவாய் என்று நினைத்துத்தான் எழுதினேன். நீ வெட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஆரம்பித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அது யார் என்று தெரிந்து துடைத்தாயா, தெரியாமல் துடைத்தாயா? இரண்டில் எது எனக்கு அதிகமாக வலிக்கும் என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அன்று காலை எபினேசர் நைட் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தார். நாஷ்டா சாப்பிடும்போது முகம் வாடியிருந்தது. "பாவம் சோனியா, அந்தப் பொண்ணு" என்றார். "வக்கீலுக்குப் படிச்சவள ஊட்லயே குந்த வச்சிக்கினு... அவ ஊட்டுக்காரன் எப்டிப்பட்ட ஆளோ."

நான் இன்னொரு தோசை போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். பகலில் தூங்க வேண்டுமே, வெளிச்சம் ஆகாதே. அந்த ஜன்னலுக்குத் திரையாகத் தொங்குவது என் கருப்பு வக்கீல் கவுன். நல்ல கெட்டித் துணி என்று ஆணி அடித்து மாட்டியது அவர்தான். அதன் கீழே அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

அழவில்லை, ஈஸ்வரி. கோபம்கூட இல்லை. அவர் அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்ட மாதிரி எனக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதனால் அந்தப் பெண்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. உன் வாயிலிருந்து வந்ததால் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. இங்கே, அவர் தட்டுக்கு முன்னால் நிற்பவளுக்கு அது இல்லை.

இப்போது நீ வருகிறாய். உன் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது கம்பெனி நலமன்றத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தீர்ப்புகளைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டாயாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. எபினேசர்தான் வரவேற்புக் குழு. மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். உனக்குப் பொன்னாடை போர்த்துவது நானாம், அவரே பெயர் கொடுத்துவிட்டு வந்து, என்னவோ எனக்குப் பெரிய பதவி வாங்கித் தந்த மாதிரி சொன்னார். அதே நாள் உன் மெசேஜும் வந்தது. "ஸ்பீச் எழுதி அனுப்புடி. நம்ம ஊர்க்காரங்க அழணும், அந்த மாதிரி எழுது."

எழுதிவிட்டேன். இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அனுப்பாமல் விடலாம், ஒரு தீர்ப்பைத் தலைகீழாக எழுதி உன்னைச் சபையில் மாட்டிவிடலாம் என்றெல்லாம் யோசித்தேன். கன்னியம்மா போன்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஆபீஸ் ஆபீசாக மனுவோடு அலைவார்கள் என்று நினைத்ததும் கை வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, பயப்படாமல் படிக்கலாம்.

என் அம்மா உங்கள் வயலில் நாற்று நட்டவள். நட்டது யார் என்று அரிசியில் எழுதியிருக்காது. அதைப் பற்றி ஹாஸ்டலில் நாம் ஒருநாளும் பேசியதில்லை. நீ என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாய், அதுவே போதும் என்றிருந்தேன். இப்போதும் அதைப் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் இந்த வாரம் முழுக்க அதுதான் நினைவில் வருகிறது.

பேச்சில் முதல் வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை நீதான் எழுத வேண்டும். இதை எழுதியவள் யார் என்று அந்த மைக்கில் ஒரு வரி. மேடையில் சொன்னால் உன் பேர் குறையும் என்று தோன்றினால் வேண்டாம், பொன்னாடையை நான் ஒழுங்காகவே போர்த்துவேன், போட்டோவுக்கும் சிரிப்பேன். சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவாய் அல்லவா, அப்போது எபினேசரிடம் மட்டுமாவது சொல். நான் சொல்லி அவர் சிரித்துவிட்டார். நீ சொன்னால் நம்புவார். நம்புகிறபோது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் பார்க்க வேண்டும்.

நீ ஜட்ஜ் ஆக வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் நாளும் உண்டு, ஆனால் விட்டதில்லை. கர்த்தர் உன்னைப் பத்திரமாக ஊர் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

நாளைக் காலையில் ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். கிடைத்ததும் சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
சோனியா