படிக்குப் பின்னால் தெரிந்த சேலை

என்னங்க,

வேலை கிடைத்ததா என்று கேட்கப்போவதில்லை. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பண்டிகைக்கு முதல் நாள் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வாசலில் மளிகைப் பையை வைத்து, மணியை அடித்துவிட்டு மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோமே! அக்காவும் வருஷாவருஷம், “யாரு பெத்த பிள்ளைங்களோ, நல்லா இருக்கணும்!” என்று சத்தமாகச் சொல்வாரே!

இந்த வருஷம் நம் வீட்டு மணி அடித்தது. வாசலில் மளிகைப் பை, அதன்மேல் சின்னவளுக்குப் புதுக் கவுன். படிக்குப் பின்னால் அக்காவின் சேலை நுனி தெரிந்தது. நானும் அதையே சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

சாத்திய பிறகுதான் உறைத்தது. உங்கள் தொப்பை அந்தப் படிக்குப் பின்னால் என்றைக்கு மறைந்தது? அக்காவுக்கு எல்லா வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது.

வெறுங்கையோடு என்றாலும் சரி, வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி