மகள் போட்டால்தான் ஸ்டென்ட்

தவளக்குப்பம்
26 மே 2025

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் நெஞ்சைத் தவிர மற்ற எல்லாம் நலம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே "அப்பா, ஒரு ஹார்ட் அட்டாக் வந்திருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. காகிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன். அம்மா உனக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறும்போது கொடுத்தனுப்புகிறேன்.

முந்தாநாள் உன்னோடு வேலை செய்யும் டாக்டர் வினோத்குமார் எனக்கு ஆஞ்சியோ எடுத்துவிட்டு, "பெரிய குழாயில தொண்ணூறு சதவீதம் அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா" என்று கேட்டார். வேண்டாம் என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதில் உனக்குக் கோபம் என்று அம்மா சொன்னாள். எனக்கும் கோபம்தான். ஊரில் இருக்கிறவன் நெஞ்சுக்குள்ளெல்லாம் போய் வருகிறாய், பெற்ற அப்பன் நெஞ்சுக்குள் வர மாட்டாயா?

வினோத்குமார் நல்ல பிள்ளைதான். ஆனால் என் மணிக்கட்டை, நாறிப்போன சங்கரா மீனைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

நீ போட்டால் ஸ்டென்ட், இல்லாவிட்டால் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினான்கோடு முடிகிறது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் முதலில் வரும் படகின் மீனுக்கு முப்பத்திரண்டு வருஷமாக நான்தான் ஏலம் கூறுகிறேன். அதற்குள் நல்ல முடிவாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா புருஷோத்தமன்


புதுச்சேரி
28 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், எக்ஸ்ரேக்காகப் போடும் எட்டு கிலோ ஈய அங்கியைக் கழற்றாமலேயே படித்தேன். அம்மா அதை பஸ்ஸில் பிரித்துப் படித்துவிட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள். ஆகவே அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சொந்த ரத்தத்தின் மேல் நாங்கள் கைவைப்பதில்லை. இது என் பிடிவாதம் இல்லை, இந்தத் தொழிலின் வழக்கம். வினோத்குமார் என்னைவிட நிதானமானவர். எனக்கே அடைப்பு வந்தால் அவரிடம்தான் படுப்பேன்.

இன்னொரு விஷயம். ஆஞ்சியோ சிடியை உங்களிடம் கொடுத்தது பத்திரமாக வைத்திருக்க. அதைக் கூட்டு ரோட்டு டிவி ரிப்பேர் கடையில் போட்டு எல்லாருக்கும் காட்டினீர்களாமே. பூக்கடை தையல்நாயகி அக்கா போன் செய்து, "அப்பா நெஞ்சுப் படம் பாத்தேன் பாப்பா, நல்லா ஓடுது, ஒரு எடத்துல மட்டும் நசுங்கிக் கெடக்குது" என்கிறார். பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு நான் கொடுக்கும் ரிப்போர்ட்டும் அதேதான்.

அப்பா, அந்த நசுங்கல் விளையாட்டு இல்லை. ஏலம் கூறத் தொண்டையைத் திறந்தால் நெஞ்சு தாங்காது. இந்த வாரமே வாருங்கள்.

அன்பு மகள்,
சிந்துஜா


தவளக்குப்பம்
30 மே 2025

அன்பு மகளுக்கு,

வழக்கமாம். டெய்லர் தன் பிள்ளைக்குச் சட்டை தைப்பதில்லையா? பஸ் டிரைவர் தன் பெண்டாட்டியை ஏற்றிக்கொள்வதில்லையா? துறைமுகத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்கிறார்கள்: "டாக்டர் பொண்ணைப் பெத்து வெச்சிக்கினு வேற ஆளுகிட்ட ஏன்யா போற?" நான் என்ன பதில் சொல்வது?

நேற்றுக் காலையில் சந்தைக்குப் போகும்போது நெஞ்சை அடைத்து இரண்டு இடத்தில் நின்றேன். செல்போன் கடையை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். இது அம்மாவுக்குத் தெரியாது. ராஜாம்பாள், இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழாதே, ஒட்டிக் கொண்டுபோய்க் கொடு.

சிந்து, நான் பயந்துபோய் எழுதவில்லை. சும்மா சொல்லிவைத்தேன்.

அப்பா


புதுச்சேரி
31 மே 2025

அப்பா,

வழக்கம் என்று எழுதியது பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

இந்த ஊரில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிர்வரிசையில் நாலு பேர் கையைத் தூக்கி ஸ்டென்ட் உள்ளே போன மணிக்கட்டுத் தழும்பைக் காட்டுகிறார்கள், "மேடம், நீங்க போட்டது, சூப்பரா இருக்கேன்" என்று. அவர்கள் முகம் எனக்கு ஞாபகம் இருக்காது. ஆஞ்சியோ படத்தைக் காட்டினால் யாரென்று உடனே சொல்லிவிடுவேன். எனக்கு அவர்கள் எல்லாரும் குழாய்கள். குழாயாகப் பார்ப்பதால்தான் வேலை நடக்கிறது.

உங்கள் படத்தைப் பார்த்தபோது குழாய் தெரியவில்லை. நீங்கள்தான் தெரிந்தீர்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. என் கையில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நான் எந்த நெஞ்சையும் தொட மாட்டேன்.

வினோத்குமார் செய்யட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வாருங்கள். அம்மா, வழியில் பசிக்கும் என்று இட்லி கொடுத்துவிடாதே.

சிந்து


தவளக்குப்பம்
2 ஜூன் 2025

சிந்துவுக்கு,

சரி. வருகிறேன்.

உனக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வினோத்குமாரை முழுக்கையாலும் பிடிக்கச் சொல்.

அப்பா


புதுச்சேரி
9 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறீர்களா? ஸ்டென்ட் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கவலை இல்லை. ஆனால் வியாழக்கிழமை நீங்கள் செய்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் நான் இன்னும் தலைகுனிந்து நடக்கிறேன்.

எங்கள் அறையில் நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் பேச வேண்டியதில்லை. அடைப்பை விரிக்க வினோத்குமார் "ரெண்டரை பலூன் கொடுங்க" என்று அளவு சொல்லிக் கேட்கிறார். மேஜையிலிருந்து நீங்கள், "ரெண்டரை! ரெண்டரை ஒரு தரம்! அந்தாண்ட யாரு, ரெண்டே முக்காலா? மூணு கேக்கறவன் ஆம்பளை!" என்கிறீர்கள். அந்தக் குரலில் மிரண்டுபோய் நிர்மலா சிஸ்டர் மூணு நம்பர் பலூனையே பிரித்து நீட்டிவிட்டார். நல்லவேளை, வினோத்குமார் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "மேடம், ஒண்ணு உங்கப்பா ஏலம் விடட்டும், இல்ல நான் ஸ்டென்ட் வெக்கறேன்" என்றார். வேறு வழியில்லாமல்தான் நான் உள்ளே வந்தேன்.

பழக்கதோஷம் என்று மன்னித்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி துறைமுகத்துக்குப் போகலாம், நாற்காலியில் உட்காரலாம், கத்தக் கூடாது. அம்மா, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்.

அன்பு மகள்,
சிந்துஜா


தவளக்குப்பம்
16 ஜூன் 2025

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை மட்டும் அம்மாவிடம் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன்.

நேற்று துறைமுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விரலைக் காட்டியே ஆறு கூடை பாறை மீனை ஏலம் முடித்தேன். ஒரு சத்தமும் போடவில்லை, அம்மா சாட்சி. ஸ்டென்ட் போட்டது யார் என்று எல்லாரும் கேட்டார்கள். என் மகள்தான் என்று சொல்லிவிட்டேன். வினோத்குமார் மீன் வாங்க இந்தப் பக்கம் வந்தால் சிக்கலாகிவிடும். வாராவாரம் அவர் வீட்டுக்கு நானே வஞ்சிரம் அனுப்பிவிடுகிறேன், வர வேண்டாம் என்று சொல்.

பழக்கதோஷம் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பழக்கம்தான். ஆனால் அந்தக் குளிர் அறையில் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள், உன்னைக் காணவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஏலம் கூறுவது.

நீ உள்ளே வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இனிமே வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க" என்று அதட்டினாய். குரல் டாக்டர் குரலாகத்தான் இருந்தது. ஆனால் உன் கை நடுங்கியது. அவர் ஊசியை எடுத்துக் கட்டுப் போடும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு என் நெஞ்சுக்குள் வா என்று நான் அடம்பிடித்திருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி, கேட்டது என் தப்பு.

கை நடுங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

இப்படிக்கு,
உன் அப்பா